சின்ன அறையின் இரும்புத் தகடு (அத்தியாயம் 9)

மாமியார் காபி டப்பாவுக்குள் ஒளித்து வைத்த சின்ன அறைச் சாவியை மருமகள் எடுக்கலாமா என்று கேட்டு எனக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் எழுதியவர்கள் மாமியார்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எடுத்தது தப்புதான். ஆனால் ஏழு மாத வயிற்றோடு குளிர்ந்த வீட்டில் இருப்பவள் முறை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கத்ரி எடுத்துவிட்டாள், நாம் அவள் பின்னால் போவோம்.

வில்யாண்டி ஊரின் ஏரிக்கரையில் லெய்தாவின் மரவீடு. இருப்பவர்கள் மூன்று பேர்: எழுபத்திரண்டு வயது லெய்தா, நாற்பத்தைந்து வயது மகன் ஊர்மஸ், இந்த வசந்தத்தில் அவனைக் கட்டிக்கொண்டு வந்த கத்ரி. இருக்கும் அறைகளும் மூன்று. அவற்றில் வடக்கு மூலைச் சின்ன அறை முப்பத்திநாலு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓர் அக்டோபர் இரவில் ஊர்மஸின் தங்கை டீயு அங்கேதான் படுத்தாள். ஆறு வயது. குளிருக்கு மூட்டும் கணப்பிலிருந்து வந்த விஷவாயு அறை முழுக்க நிறைந்து, காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

கணப்பின் இரும்புத் தகட்டை அன்றிரவு மூடியவன் அண்ணன் ஊர்மஸ். அவனுக்குப் பதினொரு வயது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. விறகு எரிந்து தணலாகி, தணல் மேல் ஆடும் நீலச் சுடர் அடங்கியதும், புகைபோக்கிக்குப் போகும் வழியைத் தகட்டால் மூட வேண்டும். தாமதித்தால் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். அவசரப்பட்டால் வாயு அறைக்குள் திரும்பும். நீலம் அடங்கிய பிறகு மூடினோமா, முன்னாலேயே மூடினோமா என்று அவனுக்கு நினைவில்லை. முப்பத்திநாலு வருஷமாக அவன் அதை நினைவுபடுத்திப் பார்க்கிறான்.

"நான்தான் அவளைக் கொன்னேன். என் கை பட்ட கணப்பு பக்கத்துல என் புள்ளை படுக்காது" என்று போன வாரம் கத்ரியிடம் சொல்லிவிட்டு, அவன் வெளியே போய் விறகு பிளந்தான்.

கத்ரியும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். நவம்பர் பத்தாம் தேதி மார்ட்டின் நாளுக்குள் அந்த அறையைத் திறந்து சூடேற்ற வேண்டும். இல்லையென்றால் பிரசவத்துக்குத் தார்த்து நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். திரும்பி வருவாளா என்று ஊர்மஸ் கேட்டதற்கு, முதலில் அறை திறக்கட்டும், பார்க்கலாம் என்றாள்.

இன்று நவம்பர் இரண்டு, இறந்தவர்களுக்குப் படைக்கும் ஆன்மாக்கள் நாள். மார்ட்டின் நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

*

காலையிலேயே லெய்தா சமையலறை மேசையில் ஒரு கிண்ணம் வாற்கோதுமைக் கஞ்சியும் சின்னத் தகரக் கரண்டியும் வைத்துவிட்டாள். டீயுவுக்கு. ஒவ்வொரு வருஷமும் வைப்பாள். சாயங்காலம் வரை யாரும் தொடக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது. பிறகு நாலு மெழுகுவர்த்தியைப் பையில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

ஊர்மஸ் அதற்கு முன்பே மர அறுவை ஆலைக்குப் போயிருந்தான். போவதற்கு முன் சமையலறை அடுப்பின் தகடு திறந்திருக்கிறதா என்று மூன்று முறை எட்டிப் பார்த்தான். தொட மாட்டான், பார்க்க மட்டும்தான் செய்வான். விஷவாயு வந்தால் கத்துகிற அபாய மணி ஒரு வீட்டில் ஒன்று இருக்கும். இந்த வீட்டில் ஐந்து இருக்கின்றன. ஆளை விட மணி அதிகம்.

மாமியாரின் தலை தெருமுனை தாண்டியதும் கத்ரி கதவைத் திறந்தாள். வேலிக்கு வெளியே தயாராக நின்றிருந்தாள் ஊர்ப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்கிற புகைபோக்கிக்காரி ஹெல்வி. ஐம்பத்தைந்து வயது, அகன்ற தோள், கறுப்பு உடுப்பு, பித்தளைப் பொத்தான்கள். தோளில் கயிற்றுச் சுருள், அதன் நுனியில் இரும்புக் குண்டும் தூரிகையும்.

"ஆவிங்க வர்ற நாள்ல புகைபோக்கி பாக்கக் கூப்பிட்ட ஒரே ஆளு நீதான் கண்ணு" என்றாள் ஹெல்வி. "மத்தவங்க எல்லாம் இன்னிக்கு மூச்சுகூட மெதுவா விடுவாங்க."

"அத்தை வீட்டுல இல்லாத நாள் இது ஒண்ணுதான்."

"அப்போ சரி. முதல்ல என் பொத்தானைத் தொட்டுக்கோ, புகைபோக்கிக்காரி பொத்தான் ராசி. வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு அதிர்ஷ்டத்தை விடாதே."

கத்ரி பொத்தானைப் பிடித்தாள். பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.

"சொல்லு" என்றாள் ஹெல்வி.

"அந்த அறையில சத்தம் வருது. காத்தடிச்சா சுவத்துக்குள்ள யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு. இழுத்து இழுத்து. ஊர்மஸுக்கும் கேக்குது, ஆனா கேக்காத மாதிரி படுத்திருப்பான். நான் பைத்தியம் இல்லையே?"

ஹெல்வி சிரிக்கவில்லை. "இந்த வீட்டுக்குப் பன்னெண்டு வருஷமா வர்றேன். சமையலறைக் குழலை மட்டும் பாப்பேன். சின்ன அறைன்னு வாயெடுத்தா, 'அது அடைச்சாச்சு, உபயோகத்துல இல்ல'ன்னு லெய்தா காபி ஊத்தி உக்கார வச்சிடுவா. நானும் அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன். சாவு நடந்தன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும், அந்தத் தாய்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"இன்னிக்கு முழுசாப் பாருங்க."

"பாத்தா பாத்ததை எழுதுவேன். அப்புறம் அதை எழுதாதே, இதை மறைன்னு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றாள் கத்ரி. அந்த நேரத்தில் அது அவளுக்குச் சின்ன வாக்காகத்தான் தெரிந்தது.

*

சாவி திரும்பியது. தூசியும் ஒட்டடையும் முகத்தில் அடிக்கும் என்று கத்ரி கழுத்துத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டாள். அடித்தது சோப்பு வாசனை.

தரைப் பலகை துடைத்துக் காய்ந்து வெளுத்திருந்தது. சின்னக் கட்டிலில் சலவை விரிப்பு. ஜன்னல் கண்ணாடியில் ஒரு விரல் தடம் இல்லை. பூட்டிய அறைக்குள் யாரோ வாரா வாரம் வந்து போயிருக்கிறார்கள்.

கத்ரிக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது. பிறகு யோசித்தாள். சனிக்கிழமைகளில் ஊர்மஸும் அவளும் கடைக்குப் போகும்போது லெய்தா முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். திரும்பி வரும்போது அவள் கைகள் சிவந்து ஊறியிருக்கும்.

அறையில் அழுக்காக இருந்தது ஒன்றே ஒன்று. மூலைக் கணப்பு. வெள்ளை ஓடு பதித்த, ஆள் உயரக் கணப்பு. அதன் இரும்புக் கதவில் சிலந்தி வலை தடித்துக் கிடந்தது. அறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கை இதன் பக்கத்தில் வரவே இல்லை.

ஹெல்வி மண்டியிட்டு வலையை விலக்கிக் கதவைத் திறந்தாள். விளக்கும் கண்ணாடியும் உள்ளே போயின. சுத்தியல் பிடியால் ஒவ்வோர் ஓடாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். தீப்பொறி விழுவதற்காக முன்னால் தரையில் பதித்த தகரத்தின் அகலத்தை அளந்தாள். மேலே நீட்டியிருந்த தகட்டின் கைப்பிடியை இழுத்தபோது, அது கிறீச்சென்று வெளியே வந்தது.

"பாரு, தகட்டுல ஓட்டை இருக்கு" என்றாள். "சட்டப்படி இருக்கணும். முழுசா மூடினாலும் கொஞ்சம் வாயு மேல போறதுக்கு வழி. யாரோ ஒழுங்காத்தான் கட்டியிருக்கான்."

"அப்படின்னா?"

"இப்போ ஒண்ணும் சொல்ல மாட்டேன். கூரைக்குப் போறேன்."

கத்ரி தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஏரிக்காற்று பலமாக வீசியது. ஒரே புகைபோக்கி, உள்ளே இரண்டு குழல்கள்: ஒன்று சமையலறைக்கு, ஒன்று சின்ன அறைக்கு. ஹெல்வி முதல் குழலில் குண்டை இறக்கினாள். கயிறு ஓடி, அடியில் டங்கென்று இரும்புச் சத்தம் கேட்டது.

இரண்டாவது குழலில் இறக்கினாள். கயிறு பாதியில் நின்றது. டங் என்று கேட்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம், மெத்தையில் விழுந்த மாதிரி.

ஹெல்வி மறுபடி தூக்கிப் போட்டாள். மறுபடியும் தொப். கூரையிலிருந்து அவள் கீழே பார்த்த பார்வையைக் கத்ரி பிறகு பல நாள் மறக்கவில்லை.

"செங்கல் விழுந்திருந்தா இந்தச் சத்தம் வராது" என்றாள் இறங்கி வந்து. "மச்சுல இந்தக் குழலுக்குக் கரி அள்ற கதவு எங்க இருக்கு?"

மச்சில் ஒரு கதவுதான் கண்ணில் பட்டது, சமையலறைக் குழலுடையது. இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் கனத்த அலமாரி, அது நிறைய லெய்தாவின் ஊறுகாய் ஜாடிகள். எந்த வருஷத்து வெள்ளரிக்காயோ, திரவம் பழுப்பாகியிருந்தது. கத்ரி ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஹெல்வி அலமாரியைத் தோளால் நகர்த்தினாள். பின்னால் ரொட்டித் தட்டு அளவில் ஓர் இரும்புக் கதவு.

அதைத் திறந்ததும் அந்த மூச்சு கேட்டது. பகல் வெளிச்சத்தில், இரண்டு முழம் தூரத்தில். காற்று மேலே உறிஞ்சும்போது உள்ளே ஏதோ உப்பியது. விடும்போது அமுங்கியது. கத்ரி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

ஹெல்வி தோள்வரை கையை விட்டு, இழுத்தாள்.

அது ஒரு தலையணை. வைக்கோல் அடைத்தது. மேல் பக்கம் முழுக்கக் காக்கைகள் கொண்டுவந்து போட்ட குச்சியும் இறகும். அடிப் பக்கம் மெல்லிய கரிப் படலம். மூலையில் ஒரு சிவப்புக் கம்பளி நூல், நாலு விரல் நீளம், நுனி பொசுங்கி.

*

சமையலறையில் பழைய செய்தித்தாள் மேல் அதைப் போட்டாள் ஹெல்வி. கஞ்சிக் கிண்ணத்தை விட்டு எட்டத்தில், மேசையின் மறுகோடியில். கை கழுவாமலே உட்கார்ந்தாள்.

"கோடை அடைப்பு இது. ஊர்ல பாதி வீட்டுல செய்வாங்க. கோடையில குளிர்காத்து இறங்காம, காக்கா கூடு கட்டாம, மச்சுக் கதவு வழியா ஒரு தலகாணியைச் சொருகிடுவாங்க. நூல் எதுக்குன்னா, அது கணப்பு வரைக்கும் தொங்கும். குளிர் வந்து கணப்பைத் திறந்ததும் நூல் கண்ணுல படும். 'ஐயோ, எடுக்கணுமே'ன்னு ஞாபகம் வரும்."

"நூல் கண்ணுல படலைன்னா?"

"அவசரத்துல யாரு குனிஞ்சு பாக்கறா? விறகைப் போட்டுப் பத்த வைப்பாங்க. நூல் பொசுங்கிப் போயிடும்."

"புகை உள்ள வருமே, தெரியாதா?"

"முதல் நாள் எல்லா வீட்டுலயும் புகையும். குழல் சில்லுன்னு இருக்கும்ல. 'முதல் நெருப்பு, அப்படித்தான்'னு ஜன்னலைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவோம். நான்கூட அப்படித்தான் செய்வேன். நெருப்பு பெருசா எரியறப்போ புகை இடுக்குல எப்படியோ மேல ஏறிடும். தணல் ஆனப்புறம் அந்த வேகம் இருக்காது." அவள் தலையணையின் கரியை நகத்தால் சுரண்டினாள். "இது ஒரே ஒரு நெருப்பு பாத்த கரி."

"ஹெல்வி, நேரா சொல்லுங்க. ஊர்மஸ் தகட்டை மூடினதால..."

"முப்பத்திநாலு வருஷம் முந்தி நான் இங்க இல்ல. ஆனா இது இங்க இருந்தவரைக்கும் தகடு திறந்திருந்தாலும் ஒண்ணுதான், மூடியிருந்தாலும் ஒண்ணுதான். எழுத்துல குடுப்பேன்."

கத்ரி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். மத்தியானம் அவன் சாப்பிட வருவான், உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும், அவன் கை முதல் தடவையாகப் பயமில்லாமல் தன் வயிற்றின் மேல் படும் என்றெல்லாம் நினைத்தாள்.

பிறகுதான் துணியைப் பார்த்தாள். கரி படாத ஓரத்தில் வெள்ளையில் நீலக் கட்டம். ஓரம் முழுக்க நெருக்கமான சிலுவைத் தையல். அதே துணியும் தையலும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மெத்தையில் இருந்தன. இந்த வீட்டில் ஊசி பிடிக்கிற கை எப்போதும் ஒன்றுதான்.

வாசல் கதவு திறந்தது.

"காத்துல மெழுகுவத்தி நிக்கவே மாட்டேங்குது. நாலையும் திருப்பிக் கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே லெய்தா உள்ளே வந்தாள். ஹெல்வியைப் பார்த்தாள். திறந்து கிடந்த சின்ன அறையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள்.

தலைத்துணியை அவிழ்த்து, மடித்து, பைக்கு மேல் வைத்தாள்.

"ஊர்மஸ் எப்போ வருவான்?"

"இன்னும் பத்து நிமிஷத்துல."

"அடுப்புல போட்டுடு கத்ரி."

கத்ரி தலையணையைத் தன் பக்கம் இழுத்தாள். "உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா அத்தை?"

"அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் மச்சுக்குப் போனேன். கதவைத் திறந்து கையை விட்டேன். இருந்துச்சு. தொட்டேன், அப்படியே மூடிட்டேன்."

"ஏன் வெளிய எடுக்கல?"

"எடுத்தா நடந்தது நடந்ததா ஆயிடும்னு இருந்துச்சு." லெய்தாவின் குரல் சமையல் குறிப்பு சொல்வது போலச் சமமாக இருந்தது. "அதுக்கு முன்னாடியே சீருடைக்காரன் வந்து கேட்டுட்டுப் போயிருந்தான், தகட்டை மூடினது யாருன்னு. புள்ளை 'நான்'னான். எனக்கு வாய் வரலை. நான்தான்னு தெரிஞ்சா என்னைக் கொண்டு போயிடுவாங்க, அப்பன் இல்லாத புள்ளை, அவனை விடுதியில தள்ளிடுவாங்க. அவன் சின்னப் பையன், அவனை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அப்புறம்? பெரியவன் ஆனப்புறம்?"

"அப்புறம் ஒவ்வொரு ஆன்மா நாளும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் கஞ்சி வைப்பேன்." அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு இன்னும் எத்தனை வருஷம் கத்ரி? நான் போனப்புறம் அவன்கிட்டச் சொல்லு. அதுவரைக்கும் அவனுக்கு ஒரு அம்மா இருக்கட்டும்."

அடுப்புக்குள் விறகு வெடித்தது. தலையணையைத் தூக்கி உள்ளே போட ஒரு நொடி போதும். கத்ரி எழுந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அவள் அடுப்புக் கதவு வரைக்கும் போனாள். எதிரே இருந்த கிழவியைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பாவமாக இருந்தது. எந்தத் தப்பும் செய்யாத பதினொரு வயதுப் பையனை நினைத்தபோது கோபமும் அதே அளவுக்கு வந்தது.

"நான் எழுதிட்டேன் கண்ணு" என்றாள் ஹெல்வி மெதுவாக. "நீ எரிச்சாலும் காகிதத்துல இருக்கும்."

கத்ரி அடுப்புக் கதவைத் தொடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "நான் போட மாட்டேன் அத்தை. நீங்களும் போடக்கூடாது."

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

*

ஊர்மஸ் வழக்கம்போல் முதலில் அடுப்புத் தகட்டைத்தான் பார்த்தான். பிறகுதான் ஆட்களைப் பார்த்தான். ஹெல்வியின் கறுப்பு உடுப்பைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

"யாரு கூப்பிட்டது?"

"நான்" என்றாள் கத்ரி. "திட்டறதுன்னா அப்புறம் திட்டு. இப்போ உக்காரு."

"சின்ன அறை ஏன் தொறந்திருக்கு?"

"உக்காரு ஊர்மஸ். உன் கையால ஒண்ணும் நடக்கல. கேட்டியா? உன் கையால இல்ல. ஹெல்வி, சொல்லுங்க."

ஹெல்வி சொன்னாள். குழல், குண்டு, தொப்பென்ற சத்தம், தகட்டின் ஓட்டை, ஒரே ஒரு நெருப்பு பார்த்த கரி. யார் சொருகினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அது அவள் வேலை இல்லை. லெய்தா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்ரி கணவன் முகத்தையே பார்த்தாள். அது இளகும் என்று காத்திருந்தாள். இளகவில்லை.

ஊர்மஸ் குனிந்து சிவப்பு நூலை இரண்டு விரலால் எடுத்தான்.

"இது எனக்குத் தெரியும்" என்றான். "ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். மே மாசம். அம்மா மச்சுக்கு ஏறிச் சொருகிட்டு, மேலேருந்து சொன்னாங்க, 'செப்டம்பர்ல எனக்கு ஞாபகப்படுத்துடா, நான் மறந்துடுவேன்'னு. வருஷா வருஷம் அது என் வேலை."

"ஊர்மஸ்..."

"அந்த வருஷம் நான் சொல்லலை போல இருக்கு." அவன் குரல் மெலிந்து, பையன் குரல் மாதிரி ஆனது. "சொன்னதா ஞாபகமே இல்ல. அப்போ ரெண்டும் நான்தானா?"

விடுதலை என்று நினைத்துக் கொண்டுவந்ததை அவன் இன்னொரு சுமையாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் நிரபராதி என்று ஹெல்வியின் காகிதம் எத்தனை பக்கம் எழுதினாலும் போதாது. அதைச் சொல்ல இந்த வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆள் இப்போதும் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி முழுக்க அவன் மேலேயே போய்விடும். முப்பத்திநாலு வருஷத்துக்கு முன் நடந்த அதே மாதிரி.

கத்ரி மாமியாரைப் பார்த்தாள்.

"சொன்னே" என்றாள் லெய்தா.

ஊர்மஸ் நிமிர்ந்தான்.

"ரெண்டு தடவை சொன்னே. செப்டம்பர்ல நான் உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தேன். வரப்புல நின்னு, 'அம்மா, தலகாணி'ன்னே. ஆகட்டும்டான்னேன்." அவள் மடியில் இருந்த கையை விரித்துப் பார்த்தாள். "அப்புறம் அன்னிக்குச் சாயந்திரம். கணப்பைப் பத்த வச்சுட்டு, பால் ஆலைக்கு ராத்திரி வேலைக்குக் கிளம்பி, பூட்ஸ் மாட்டிக்கிட்டிருந்தேன். நீ சின்ன அறையிலேருந்து ஓடி வந்தே. 'புகையுதும்மா, தலகாணியை எடுத்தாச்சா'ன்னு கேட்டே."

லெய்தா மேசை விளிம்பை விரலால் தேய்த்தாள்.

"பஸ்ஸு வர்ற நேரம். ஏணியை எடுத்து, மேல ஏறி, இறங்கி... பஸ்ஸு போயிடும். முதல் நெருப்பு, புகையத்தான் செய்யும்னு பட்டுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு." லெய்தா முதல் தடவையாக மகன் முகத்தைப் பார்த்தாள். "'எடுத்தாச்சுடா'ன்னு சொன்னேன்."

ஹெல்வி தன் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சுன்னு சொன்னே" என்றான் ஊர்மஸ். அவன் கேள்வியாகக் கேட்கவில்லை. காணாமல் போன பொருளை வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல, இன்னொரு முறையும் அதையே சொன்னான். பிறகு எழுந்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது, அவன் தூக்கி வைக்கவில்லை. நேராகச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

கத்ரி எழப் போனாள். ஹெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

உள்ளே காலடிச் சத்தம். பிறகு இரும்பு உராயும் சத்தம். கிறீச்சென்று தகடு உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. முப்பத்திநாலு வருஷமாக எந்தத் தகட்டையும் தொடாத கை அது.

லெய்தா எழுந்து தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். நாலு மெழுகுவர்த்தி இருந்த பையை எடுத்தாள்.

"எங்க போறீங்க அத்தை?"

"தெரியல. நான் இருக்கற வீட்டுல அவன் எப்படிச் சாப்பிடுவான்?"

"அதை அவன் சொல்லட்டும். நீங்களா முடிவு பண்ணினது போதும்."

"வேணாம் கத்ரி. அவன் சொல்றதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல." வாசல் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். பத்து வயது கூடினாற்போல் முதுகு வளைந்திருந்தது.

மேசையில் ஹெல்வியின் அறிக்கை கிடந்தது, வீட்டுக்காரர் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக. பக்கத்தில் கஞ்சி ஆறி, மேலே ஏடு படிந்திருந்தது. சின்ன அறையில் இரும்புச் சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஊர்மஸ் கூப்பிட்டான். கத்ரியைக் கூப்பிடவில்லை.

"அம்மா!"

கோபத்தில் கூப்பிடுகிறானா, அழுகிறானா என்று கத்ரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. லெய்தா திரும்பினாள். அவள் கை இன்னும் தாழ்ப்பாளில்தான் இருந்தது.